முந்தானை வெட்டுப்படாமல் சதுரப் படம்: புடவைப் படங்களை வைத்து ஒரு முழு வழிகாட்டி

புடவை ஐந்தரை மீட்டர். ரவிக்கைத் துணியும் சேர்ந்தால் ஆறு மீட்டரைத் தாண்டும். அதைப் படமெடுத்து ஒரு சதுரக் கட்டத்துக்குள் அடைக்க வேண்டும். அண்ணி வீட்டிலிருந்தே புடவை விற்கிறார். சேலம் பக்கம் இளம்பிள்ளையிலிருந்து சரக்கு வரும். மொட்டை மாடிக் கொடியில் விரித்துப் போட்டு, போனில் படமெடுத்து, வாட்ஸ்அப் கேட்டலாக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுவார். ஒருநாள் போனை நீட்டினார்.

"தம்பி, நான் எடுத்த படத்துல முந்தானை இருக்கு. போட்ட படத்துல காணோம். எங்க போச்சு?"

எங்கேயும் போகவில்லை. செயலி படத்தின் நடுவில் ஒரு சதுரத்தை வைத்து, மேலும் கீழும் நறுக்கிவிட்டது. எதை நறுக்கலாம், எதை விடலாம் என்று அதற்குத் தெரியாது. அந்த முடிவை அதனிடம் விடாமல் நாமே எடுத்துக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி. மீதிக் கால்வாசிதான் பிக்சல் கணக்கு, அதாவது படத்தை ஆக்கும் புள்ளிகளின் கணக்கு.

ஏன் இந்தச் சதுரம்?

2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வந்தபோது சதுரம் தவிர வேறு எந்த வடிவத்தையும் ஏற்கவில்லை. 2015 ஆகஸ்டில்தான் நீளவாட்டுப் படத்துக்கும் குறுக்குவாட்டுப் படத்துக்கும் வழிவிட்டது. அதற்குள் சதுரம் ஊருக்கெல்லாம் பழகிவிட்டது. கடைத் தளங்களிலும் கேட்டலாக்கிலும் பொருட்கள் வரிசையாகத் தெரிய எல்லாக் கட்டமும் ஒரே அளவில் இருந்தால் வசதி. டிபி, சேனல் படம், செயலி ஐகான் எல்லாமே சதுரம்தான் கேட்கின்றன.

போன் கேமரா எடுப்பது சதுரம் அல்ல. பெரும்பாலான போன்கள் 4:3 விகிதத்தில் எடுக்கும். நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 3, உயரம் 4. பன்னிரண்டு மெகாபிக்சல் படம் என்றால் ஏறக்குறைய 3000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம். கேமராவிலேயே 1:1 என்று ஒரு வசதி இருக்குமே என்று கேட்கலாம். அதுவும் இதே படத்தை எடுத்து நறுக்கித்தான் தருகிறது. நறுக்கியது திரும்பி வராது. அதனால் 4:3-லேயே எடுத்து, வெட்டும் வேலையைப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

வெட்டுவதா, ஓரம் சேர்ப்பதா

சதுரமாக்க மூன்று வழி உண்டு. ஒன்று, நீளும் பக்கத்தை வெட்டுவது. இரண்டு, குறுகிய பக்கத்தில் ஓரம் சேர்ப்பது. மூன்று, படத்தை அமுக்கி அடைப்பது.

மூன்றாவதை மறந்துவிடுங்கள். 3000-க்கு 4000 படத்தை அப்படியே 1080-க்கு 1080 என்று மாற்றினால் உயரம் கால்பங்கு நசுங்கும். கரையில் இருக்கும் அன்னப்பறவை வாத்தாகிவிடும். கட்டியிருப்பவர் ஒரே நாளில் பத்து கிலோ ஏறியது போலத் தெரிவார். ரீசைஸ் செய்யும் எந்த மென்பொருளிலும் அகலத்துக்கும் உயரத்துக்கும் நடுவில் ஒரு சங்கிலிப் படமோ பூட்டுப் படமோ இருக்கும். அது பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதைக் கைப்பழக்கமாக்கிக்கொண்டால் போதும்.

வெட்டுவதா, ஓரம் சேர்ப்பதா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. அந்தப் படத்தைப் பார்த்து வாங்குபவர் கேட்கப்போகும் முதல் கேள்விக்குப் பதில் எங்கே இருக்கிறது? புடவை என்றால் "முந்தானை எப்படி இருக்கு, கரை எவ்வளவு அகலம்" என்பதுதான் அது. அவை இரண்டும் சதுரத்துக்குள் வந்தால் வெட்டலாம். வராது என்றால் ஓரம் சேர்க்க வேண்டியதுதான். முறுக்குப் பொட்டலம், மண்பானை, வெள்ளிக் கொலுசு மாதிரியான பொருட்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. எல்லாம் வெட்டினாலே அடங்கிவிடும்.

கேமராவுக்கு முன்னால் செய்யும் வேலை

கணினியில் அரை மணி நேரம் மல்லுக்கட்டுவதை மாடியில் அரை நிமிடத்தில் முடிக்கலாம். படத்தை வெட்டுவதற்கு முன் புடவையை மடியுங்கள்.

அண்ணிக்கு நான் சொன்னது இதைத்தான். கொடியில் முழுதாகத் தொங்கவிட்டால் புடவை எப்போதும் ஒரு நீளத் தூண் மாதிரிதான் வரும். அதற்குப் பதில் கடையில் மடித்து வைத்திருக்கும் மடிப்பையே பாயில் வைத்து, மேல் மடிப்பை மட்டும் திருப்பி முந்தானையைக் குறுக்கே விரித்தால், கீழே கரையும் நடுவில் உடலும் மேலே முந்தானையும் கிட்டத்தட்டச் சதுரமான ஒரு பரப்பில் வந்துவிடும். நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். போனைச் சாய்த்துப் பிடித்தால் கிட்டே இருக்கும் பக்கம் அகன்றும் தள்ளி இருக்கும் பக்கம் குறுகியும் விழும்; சதுரமாக்கும்போது அந்தக் கோணல் பளிச்சென்று தெரியும். கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளைப் போட்டுவிட்டு, கரையை ஒரு கோட்டோடு ஒட்டிப் பிடியுங்கள். நான்கு பக்கமும் ஒரு கை அளவுக்கு வெற்றிடம் விடுங்கள். பின்னால் வெட்டும்போது நகர்த்த இடம் கிடைக்கும்.

கட்டியபடி எடுக்கும் படத்துக்கு மடிப்பு உதவாது. அங்கே முழு உருவம் ஒன்று, இடுப்புக்கு மேல் ஒன்று என்று இரண்டு படம் எடுத்துவிடுவதே மேல். முழு உருவத்துக்கு ஓரம், மேல்பாதிக்கு வெட்டு.

ஒரு படத்தை வெட்டிப் பார்ப்போம்

அரக்கு நிறப் புடவை, மஞ்சள் கரை. 3000-க்கு 4000. கணினியில் ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் செய்கிறேன். போட்டோஷாப், பிரவுசரிலேயே இயங்கும் போட்டோபீ இரண்டிலும் மெனு வேறாக இருக்குமே தவிர வரிசை இதுதான்.

முதல் வேலை நகல். மூலப் படங்களுக்குத் தனி ஃபோல்டர்; அதில் கை வைப்பதே இல்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

படத்தைத் திறந்ததும் திருப்பலாமா என்று ஜிம்ப் கேட்டால் சரி என்று சொல்லுங்கள். போன், படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை. "இதை நிமிர்த்திக் காட்டு" என்று ஒரு குறிப்பை மட்டும் கோப்புக்குள் எழுதி வைக்கிறது. எக்ஸிஃப் என்ற தகவல் தொகுப்பில் அந்தக் குறிப்பு இருக்கும். படத்தை உண்மையிலேயே திருப்பாமல் குறிப்பை மட்டும் அழித்தால், தளத்தில் ஏற்றியபின் புடவை படுத்துக் கிடக்கும்.

அடுத்து கிராப் கருவி. அதன் அமைப்புகளில் ஃபிக்ஸ்டு என்பதை டிக் செய்து, ஆஸ்பெக்ட் ரேஷியோ என்பதைத் தேர்ந்து, 1:1 என்று கொடுங்கள். இனி மவுஸை எப்படி இழுத்தாலும் சதுரம்தான் வரும். 3000 அகலத்தையும் முழுதாக எடுத்தால் உயரத்தில் 1000 பிக்சல் போக வேண்டும். அதாவது படத்தில் கால்வாசி. செயலியிடம் விட்டால் மேலே 500, கீழே 500 என்று சமமாக எடுத்துவிடும். அண்ணியின் முந்தானை போனது அப்படித்தான். நான் சதுரத்தை மேலே நகர்த்தி, முந்தானை முழுதும் உள்ளே வரும்படி வைத்து, கீழே பாய் தெரியும் பகுதியிலிருந்து 1000-ஐயும் எடுத்தேன். கரை கோணலாக இருந்தால் வெட்டுவதற்கு முன்பே திருப்பிச் சரிசெய்துவிடுங்கள். திருப்பும்போது மூலைகளில் காலியிடம் வரும், அதுவும் சேர்ந்தே வெட்டுப்பட்டுவிடும்.

இப்போது கையில் 3000-க்கு 3000. இதைத்தான் குறுக்க வேண்டும். வெட்டிய பிறகே குறுக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருங்கள். முதலில் 1080 அகலத்துக்குக் குறுக்கிவிட்டு, பிறகு இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டினால் 1080 இருக்காது; எட்டுநூறோ ஒன்பதுநூறோ மிஞ்சும். அதை மறுபடி 1080-க்குப் பெருக்கினால் ஜரிகை நூல் மாவு பூசிய மாதிரி ஆகிவிடும். படத்தைப் பெரிதாக்கும் மென்பொருள் இல்லாத விவரத்தை ஊகித்துத்தான் நிரப்புகிறது.

இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ். சங்கிலி பூட்டியிருக்கட்டும். அகலம் 1080 என்று அடித்தால் உயரம் தானாக 1080 ஆகும். அதே பெட்டியில் ரெசல்யூஷன் என்று 72, 300 என ஏதோ எண் இருக்கும். அது காகிதத்தில் அச்சடிக்கும்போதுதான் வேலைக்கு வரும். திரையில் காட்ட அதை மாற்றுவதால் ஒரு மாற்றமும் இல்லை. டிபிஐ என்பது அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அந்த எண்தான். "300 டிபிஐ-ல அனுப்புங்க, அப்பதான் இன்ஸ்டால கிளியரா இருக்கும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு 1080-ஐ அனுப்புங்கள்.

இன்டர்போலேஷன் என்ற இடத்தில் 'நன்' என்று இருந்தால் மாற்றி, க்யூபிக் அல்லது லோஹாலோ என்று வையுங்கள். புடவைக்கு இது மிக முக்கியம். 3000-ஐ 1080 ஆக்கும்போது ஏறக்குறைய எட்டுப் பிக்சல் சேர்ந்து ஒன்றாகிறது. எட்டையும் கலந்து சராசரி எடுக்காமல் ஒன்றை மட்டும் பொறுக்கிக்கொண்டால், சின்னக் கட்டம் போட்ட காட்டன் புடவையில் இல்லாத அலை அலையான கோடுகள் முளைக்கும். மொய்ரே என்று அதற்குப் பெயர். வாங்குபவர் அதை நெசவுக் குறை என்று நினைத்துக்கொள்வார். நல்ல முறையில் குறுக்கியும் அலை வந்தால், குறுக்கும் முன் படத்தை லேசாக மங்கலாக்கும் காஸியன் ப்ளரை ஒரு பிக்சல் அளவுக்குக் கொடுத்துப் பாருங்கள். அதற்கு முன் படத்தை 100 சதவீதத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. சில சமயம் அலை படத்தில் இருக்காது, திரை சுருக்கிக் காட்டுவதால் மட்டும் தெரியும்.

குறுக்கிய படம் கொஞ்சம் மந்தமாக இருக்கும். ஃபில்டர்ஸ் மெனுவில் என்ஹான்ஸ், அதில் ஷார்ப்பன். ரேடியஸ் 0.5 முதல் 1 வரை, அமவுன்ட் 0.3 அளவில் போதும். நூல் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். கரையைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

போனிலேயே முடிக்க வேண்டுமானால் கூகுள் போட்டோஸிலோ ஸ்னாப்சீடிலோ கிராப் போய் ஸ்கொயர் என்பதைத் தேர்ந்தெடுத்து நகர்த்தி வெட்டலாம். அவசரத்துக்கு அது போதும்.

ஓரம் சேர்ப்பது

இரண்டாவது படம் கட்டியபடி எடுத்தது. தலையையும் வெட்ட முடியாது, கால் பக்கக் கரையையும் வெட்ட முடியாது. இதற்கு கேன்வாஸ் சைஸ். இமேஜ் மெனுவில்தான் இருக்கும். இங்கே மட்டும் சங்கிலியைத் திறந்துவிட்டு, அகலத்தையும் 4000 என்று கொடுத்து, சென்டர் பட்டனை அழுத்துங்கள். இரண்டு பக்கமும் 500 பிக்சல் காலியிடம் வரும். படத்துக்கு அடியில் வைக்கும் இன்னொரு தாள் மாதிரி ஒரு லேயர் போட்டு நிறம் நிரப்பி, பிறகு மொத்தத்தையும் 1080-க்குக் குறுக்கினால் நடுவில் படம் 810 அகலம், இரு பக்கமும் 135 ஓரம்.

இந்த 135-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.

ஓரத்துக்கு என்ன நிறம்? பளிச் வெள்ளை பாதுகாப்பானது, ஆனால் வெளிர் நிறப் புடவையை அது அழுக்காகக் காட்டும். படத்தின் பின்னணிச் சுவரிலிருந்தே கலர் பிக்கரால் நிறத்தை எடுத்து நிரப்பினால் ஒட்டியது தெரியாது. அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் பரப்பும் பாணி ஒன்று இருக்கிறது. புடவைக்கு எனக்கு அது பிடிப்பதில்லை. துணியின் நிறம் ஓரத்தில் வழிந்து கண் நிலைகொள்ளாமல் போகிறது. ஏஐ வைத்து பக்கவாட்டை நீட்டித் தரும் வசதியும் இப்போது பல செயலிகளில் உண்டு. வெறும் சுவரை நீட்ட அது நல்லது. துணி இருக்கும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். தறியில் இல்லாத பூவையும் மாங்காயையும் அதுவே போட்டுவிடும், பிறகு பார்சலைப் பிரித்தவர் "படத்துல இருந்த பார்டர் எங்கே" என்று கேட்டால் பதில் இல்லை.

எங்கே எத்தனை பிக்சல்

இன்ஸ்டாகிராமுக்கு 1080-க்கு 1080. அதைவிடப் பெரிதாகக் கொடுத்தால் அதுவே குறுக்கிக்கொள்ளும், அதன் இஷ்டத்துக்கு. கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிந்திருந்தால், பிசினஸ் ப்ரொஃபைலுக்கு கூகுள் பரிந்துரைப்பது 720-க்கு 720. குறைந்தது 250-க்கு 250. கோப்பு 10 கேபி முதல் 5 எம்பிக்குள். ஷாப்பிஃபையில் கடை போட்டால் 2048 சதுரம் நல்லது. அமேசானில் முதல் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி கட்டாயம், பொருள் சட்டத்தில் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும், 1000 பிக்சலைத் தாண்டினால்தான் ஜூம் வேலை செய்யும். பிளே ஸ்டோர் ஐகான் 512.

சொந்த இணையதளம் என்றால் ஒரு கணக்கு போதும். கட்டம் திரையில் 400 பிக்சல் அகலத்தில் தெரிகிறது என்றால் 800 கொடுங்கள். இன்றைய போன் திரைகள் ஒரு புள்ளி இடத்தில் இரண்டு மூன்று புள்ளிகளை வைத்திருக்கின்றன. 400 மட்டும் கொடுத்தால் மங்கும். அதற்காக 3000-ஐ அப்படியே ஏற்றாதீர்கள். நாற்பது புடவை உள்ள பக்கம், கிராமத்து டவரில் திறப்பதற்குள் வாங்க வந்தவர் போய்விடுவார்.

இப்போது அந்த 135. 2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் ப்ரொஃபைல் கட்டங்களைச் சதுரத்திலிருந்து 3:4 நீளவாட்டுக்கு மாற்றியது. பதிவைத் திறந்தால் சதுரப் படம் முழுதாகத் தெரியும். ஆனால் ப்ரொஃபைல் பக்கத்தில் இடமும் வலமும் வெட்டுப்படும். 1080 உயரத்துக்கு 3:4 என்றால் அகலம் 810. இரு பக்கமும் 135 பிக்சல் மறையும். நாம் ஓரம் சேர்த்த படத்தில் ஓரமும் சரியாக 135. ஆக, போனில் நிமிர்த்தி எடுத்த படத்துக்கு ஓரம் சேர்த்துச் சதுரமாக்கினால், கேட்டலாக்கில் சதுரமாக நிற்கும். இன்ஸ்டாகிராம் கட்டத்தில் ஓரம் மட்டும் மறைந்து முழுப் புடவையும் தெரியும். ஒரே கோப்பு, இரண்டு இடத்துக்கும் ஆகிவிட்டது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் அண்ணிக்குக் கொஞ்சமும் புரியவில்லை.

வெட்டிச் சதுரமாக்கிய படங்களுக்கு இது பாடம்: விலை, கடைப் பெயர், முந்தானையின் முக்கியப் பூ எல்லாம் நடுவில் 810-க்குள் இருக்கட்டும்.

வட்டத்துக்குள் போகும் சதுரம்

டிபிக்குச் சதுரமாகக் கொடுத்தாலும் காட்டுவது வட்டமாக. சதுரத்துக்குள் வட்டம் வரைந்தால் நான்கு மூலையும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கடைப் பெயரைச் சதுரத்தின் விளிம்புவரை எழுதி டிபி வைத்தவர்களின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் காணாமல் போவது இதனால்தான். 1080 சதுரத்தில் நடுவே 760 சதுரம் ஒன்று மனதில் வரைந்து, எழுத்தையெல்லாம் அதற்குள் வையுங்கள். வட்டம் எப்படி வெட்டினாலும் தொடாது. பெயர் நீளமாக இருந்தால் முழுதாக எழுதவே வேண்டாம். சாட் பட்டியலில் விரல் நகம் அளவில்தான் தெரியப்போகிறது. ஒரே எழுத்து போதும்.

சேமிக்கும்போது கெடுவது

புகைப்படத்துக்கு ஜேபெக், லோகோவுக்கு பிஎன்ஜி. ஜிம்பில் எக்ஸ்போர்ட் ஆஸ் போய், ஜேபெக் தரம் 80 முதல் 85 வரை வையுங்கள். சொந்தத் தளத்துக்கு வெப்பி என்ற கோப்பு வகையில் கொடுத்தால் கோப்பு இன்னும் சிறிதாகும். ஜேபெக்கைத் திறந்து திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விவரம் போகும். திருத்தம் வந்தால் மூலத்திலிருந்து தொடங்குங்கள்.

சிவப்பு எழுத்தில் விலை போடுபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஜேபெக் வழக்கமாக வெளிச்சத்தை நுணுக்கமாகவும் நிறத்தைத் தோராயமாகவும் சேமிக்கும். அதனால் சிவப்பு எழுத்தின் விளிம்பு கசியும். எக்ஸ்போர்ட் பெட்டியில் சப்சாம்ப்ளிங் 4:4:4 என்று வைத்தால் குறையும். சமூக வலைத்தளம் மறுபடி அமுக்கும்போது திரும்பக் கசியும் என்பதால், கறுப்பு எழுத்தை வெள்ளைப் பட்டையில் போடுவதே நிம்மதி.

நிறத்தில் இன்னொரு கண்ணி. ஐபோன் 7 முதல் ஐபோன்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற நிற வெளியில் படமெடுக்கின்றன. இணையம் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி என்ற குறுகிய நிற வெளி. நிறத்தை மாற்றாமல், எந்த நிற வெளி என்று கோப்புக்குள் சொல்லும் கலர் ப்ரொஃபைலை மட்டும் உதறினால் அரக்கு, சாயம் போன அரக்காகத் தெரியும். இமேஜ் மெனுவில் கலர் மேனேஜ்மென்ட் போய் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டுச் சேமியுங்கள்.

எக்ஸ்போர்ட் பெட்டியில் சேவ் எக்ஸிஃப் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். போனில் லொகேஷன் ஆன் செய்திருந்தால், படம் எடுத்த இடமே கோப்புக்குள் இருக்கும். வீட்டிலிருந்து தொழில் செய்பவர்களுக்கு அது வீட்டு முகவரி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் நீங்கும், தரமும் குறையும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் தரம் அப்படியே இருக்கும், தகவலும் கூடவே போகும். அதனால் தகவலை நீக்கிவிட்டு டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

நாற்பது புடவை இருந்தால்

ஒவ்வொன்றாகச் செய்ய நேரமில்லை. எக்ஸ்என்கன்வர்ட் என்ற மென்பொருளில் படங்களை மொத்தமாகப் போட்டு, ஓரம் சேர்த்தல், ரீசைஸ், ஷார்ப்பன் என்று வேலைகளை வரிசையாக அடுக்கிவிட்டால் அதுவே ஓடி முடிக்கும். ஓரம் சேர்க்கும் வேலையை இப்படி நம்பிக் கொடுக்கலாம். வெட்டும் வேலையைக் கொடுக்காதீர்கள். அதுவும் நடுவில்தான் வெட்டும்.

இது எனக்குத் தெரிந்தே ஒரு தீபாவளி சமயத்தில் அறுபது படங்களை நடு வெட்டுக்குக் கொடுத்தேன், அதுவும் மூல ஃபோல்டரையே வெளியீட்டு இடமாக வைத்து. அறுபதிலும் முந்தானை போனது. மூலமும் அதோடு போனது. புடவைகளில் பாதி அதற்குள் விற்றுப் பார்சலாகியிருந்தன. மீதியை மறுநாள் காலை ஆறரை மணிக்கு, வெயில் ஏறுவதற்குள், அண்ணி மாடியில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட, நான் எடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு, "தம்பி தொடக்கூடாது" என்று அதற்குப் பெயர் வைத்தார். இன்றும் மூலப் படங்கள் அதில்தான் இருக்கின்றன.